ஒரு சாண் இடம்

வரதராசா அளக்காமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை. திரைச்சீலை வாங்கப் போனாலும் சட்டைப் பையில் அளவுநாடா இருக்கும். மீன் வாங்கினால் தலையையும் வாலையும் கழித்து எத்தனை துண்டு தேறும் என்று மனதுக்குள் கணக்குப் போட்ட பிறகுதான் காசை எடுப்பார். "இந்த மனுசன் என்னைக் கலியாணம் கட்டேக்கையும் அளந்துதான் பாத்திருக்கும்" என்று அவருடைய மனைவி சிவமலர் கோயிலில் நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட மனிதர், ஆயுளிலேயே பெரிய சாமானை வாங்கும்போது கோட்டை விட்டார். விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் விதியும் பாவம், எத்தனை பேருடைய பழியைத்தான் அது சுமக்கும்!

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. வரதராசா சூரிச்சில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தொரு வருடமாக வேலை. சிவமலர் அட்லிஸ்வில்லில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. பிள்ளை ஒன்றே ஒன்று, சிவானுஜா. பிறவியிலேயே தசை நலிவு. அவள் ஒரு நாளும் எழுந்து நடந்ததில்லை.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீடும் அட்லிஸ்வில்லில்தான், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, நாற்பத்தெட்டுப் படி. பதினொரு வயது வரைக்கும் தகப்பன்தான் பிள்ளையைத் தூக்கினார். காலையில் நாற்பத்தெட்டு இறக்கம், மாலையில் நாற்பத்தெட்டு ஏற்றம், மழையென்ன பனியென்ன. பன்னிரண்டாவது வயதில் ஒரு நாள் முப்பத்தோராவது படியில் அவருடைய முதுகுக்குள் ஏதோ 'டக்' என்றது. பிள்ளையை விழவிடாமல் அப்படியே படியில் குந்தினார். பிறகு மூன்று கிழமை எழும்பவில்லை. இனித் தூக்கினால் நீங்களும் சக்கரக் கதிரையில்தான் என்று வைத்தியர் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சிவானுஜாவை ஹைமில் விட்டார்கள். நடக்க முடியாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி அது. ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரம்.

விட்டுவிட்டு வந்த அன்றைக்குப் பிள்ளை அழவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "லிஃப்ட் உள்ள வீடு எடுத்த உடனை அப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவன்" என்று அவளுடைய தலையில் கைவைத்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஆறு வருடம் போய்விட்டது. லிஃப்ட் உள்ள வீட்டை வாடகைக்குக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி வந்தது, ஒழுங்காகத்தான் வந்தது, எல்லாவற்றிலும் 'மன்னிக்கவும்' என்றுதான் இருந்தது. பதினைந்து வயதில் சிவானுஜாவுக்கு முதுகெலும்பில் இரும்புக் கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு மடிக்கிற சின்னக் கதிரையில் அவளால் இருக்க முடியவில்லை. அவளுடைய உடம்பின் வார்ப்புக்குச் செய்த இருக்கையோடு பெரிய மின்சாரக் கதிரை வந்தது. எப்போதாவது நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டதும் அத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டையும் கறியையும் பெட்டியில் கட்டிக்கொண்டு இவர்கள் அங்கே போய் வந்தார்கள்.

இப்போது தவணை வந்துவிட்டது. நவம்பரில் சிவானுஜாவுக்குப் பதினெட்டு. பிள்ளைகள் விடுதியில் அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். ஒன்று வீட்டுக்கு வரவேண்டும், அல்லது பெரியவர்களுக்கான நிரந்தர விடுதிக்குப் போகவேண்டும். ஒக்டோபர் முடியமுதல் முடிவு சொல்லவேண்டும். அந்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வேண்டாமென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வேண்டுமென்றாலோ, அது ஆயுளுக்கும்தான்.

ஆகவே வாடகை வேண்டாம், வாங்கிவிடுவோம் என்று வரதராசா துணிந்தார். புது வீடு அவருடைய கைக்கு எட்டாது. பழைய மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு என்றால், ஓய்வூதியத்துக்காக இத்தனை வருடம் பிடித்து வைத்ததை எடுத்துப் போட்டால், மட்டுமட்டாக எட்டும்.

ஆனால் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது சிவமலரின் கட்டளை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னர் ஹோர்கனில் லிஃப்டோடு ஒரு வீடு பார்த்தார்கள். கீழ்த்தளம் வேறு. சந்தோசம் தாங்காமல் சிவமலர் அதைக் கோயிலில் பழக்கமான சிறீதரன் என்பவனின் மனைவியிடம் சொன்னாள். அடுத்த மாதம் அந்த வீட்டில் சிறீதரன் குடிபூந்தான். போட்டிக்கு எடுத்தானா, அவனும் முன்னமே பார்த்து வைத்திருந்தானா, ஆருக்குத் தெரியும்! அன்றிலிருந்து சிவமலருக்கு ஒரே கொள்கை. "நாவூறு பொல்லாதது. கல்லெறிக்குத் தப்பினாலும் கண்ணெறிக்குத் தப்பேலாது. கையெழுத்து வைச்சு, பால் காய்ச்சி முடியும் வரைக்கும் பிள்ளைக்கும் சொல்லக்கூடாது. அவள் சின்னப்பிள்ளை, வாய் தவறி ஆருக்கும் சொல்லிப்போடுவாள்."

பதினேழு வயதுப் பிள்ளை சின்னப்பிள்ளையாம். அதை வரதராசாவும் ஒத்துக்கொண்டார்.

வைகாசியில் ஒரு வீடு வந்தது. அட்லிஸ்வில்லிலேயே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழில் கட்டிய ஐந்து மாடி. நாலாம் மாடியில் வீடு. வாசலில் படியே இல்லை, தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் போகலாம். கூடத்தின் முடிவில் லிஃப்ட். வரதராசா சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்து நாளும் நேரமும் கேட்டார். சனிக்கிழமை பார்க்கலாம், ஆனால் ஒன்பது மணிக்கு இராகுகாலம் தொடங்க முதல் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்றார் அவர். வீட்டு முகவர் கெல்லர் ஒன்பதரைக்குத்தான் வர முடியும் என்றான். கெஞ்சிக் கூத்தாடி எட்டே முக்காலாக்கினார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு வரதராசா தந்திரமாக ஒரு வேலை செய்தார். ஹைமில் சிவானுஜாவைப் படுக்கையில் கிடத்தியிருந்த நேரம், கதிரைக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்து அளந்துகொண்டார். அறுபத்து நாலு. நாற்பத்தெட்டுப் படிகளுக்குப் பிறகு அவருடைய சண்டை முழுவதும் கதவுகளோடுதான். கடைக் கதவு, கழிப்பறைக் கதவு, ரயில் கதவு. கதவுக்கு வேண்டியது அகலம். அகலத்தைத்தான் அளந்தார்.

சனிக்கிழமை மழை. கெல்லர் வண்டி நிறுத்த இடம் தேடி எட்டு நிமிடம் பிந்தி வந்தான். கூடத்துக்குள் நுழைந்ததும் வரதராசா நேரே லிஃப்டடிக்குப் போனார். கையால் இழுத்துத் திறக்கிற பழங்காலத்துக் கதவு. நாடாவைப் பிடித்தார். எழுபது! ஆறு சென்ரிமீற்றர் மிச்சம். குனிந்து உள்ளே அளக்க நாடாவை நீட்டினார். சிவமலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதறினாள்.

"இஞ்சாருங்கோ, இன்னும் நாலு நிமிசம்தான் கிடக்கு. ஏறுங்கோ!"

"ஒரு நிமிசம் பொறும், உள்ளுக்கு..."

"அளக்கிறதைப் பிறகும் அளக்கலாம். இராகுகாலம் உங்களுக்காக நிக்குமோ?"

நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் இரண்டு குடையுமாக நெருக்கி நின்றார்கள். கெல்லர் கதவைச் சாத்தினான், லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. மூன்று பேர் நிற்கிற இடத்தில் ஒரு கதிரை நிற்காதா என்ன! ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்க சிவமலர் வலது காலை உள்ளே வைத்தாள்.

உள்ளே எல்லாம் அளந்தார். வாசல் கிழக்குப் பார்த்ததா என்று திசைகாட்டி வைத்துப் பார்த்தார். குசினி தென்கிழக்கில், அக்கினி மூலையில், எழுதி வைத்தது மாதிரி. அறைக் கதவுகள், குளியலறை, பல்கனி வாசல், எல்லாவற்றிலும் அறுபத்து நாலு தாராளமாகப் போகும். கெல்லர் சுவரோடு ஒட்டி நின்று, இந்த மனிதர் திசைகாட்டியோடு எதைத் தேடுகிறார் என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்டைப் பிறகு அளக்கவில்லை. அளந்தாகிவிட்டது என்றே வரதராசாவின் மனதில் இருந்தது. எழுபது என்று துண்டில் எழுதியும் வைத்திருந்தார்.

கையெழுத்து வைக்க எட்டு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு, சிவானுஜா புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, விட்மர் அம்மா உங்களைக் கேட்டவா."

விட்மர் அம்மா என்பது ஹைமில் பிள்ளைகளுக்குக் கதிரை, கட்டில், கைபிடி எல்லாம் பார்த்துக் கொடுக்கிற பெண்.

"என்னவாம்?"

"வீடு ஏதும் பாக்கிறதெண்டால் தனக்கு முதல்லை சொல்லட்டாம். வந்து எல்லாம் பாத்து, சரிவருமோ எண்டு எழுதித் தருவாவாம். காசு ஒண்டும் இல்லை." பிள்ளை தகப்பனின் முகத்தையே பார்த்தாள். "பாக்கிறியளோ அப்பா?"

வரதராசாவின் வாய் திறந்தது. மேசைக்குக் கீழே சிவமலரின் கால் அவருடைய காலை மிதித்தது.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அப்பிடி ஒண்டும் இல்லை."

சிவானுஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி" என்றாள். ரயிலில் வரும்போது வரதராசாவுக்கு அழுகை வந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே, பிறகு பிள்ளை துள்ளிக் குதிக்கும்" என்றாள் சிவமலர். சொன்ன பிறகுதான் தான் சொன்ன சொல் அவளுக்கே உறைத்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்தார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். முக்கால் மணித்தியாலம். கட்டடம் பழையது, உள்ளது உள்ளபடி வாங்குகிறார்கள், பிறகு குறை சொல்ல முடியாது, கூடம், படி, கூரை, லிஃப்ட் எல்லாம் ஒன்பது சொந்தக்காரருக்கும் பொது, ஒருவர் தனியாக ஒரு ஆணியும் அடிக்க முடியாது. விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றார் வரதராசா. விளங்கத்தான் செய்தது. கையெழுத்து வைத்தார்.

வந்தது ஆடி. ஆடியில் ஆர் குடிபூருவார்கள்? அந்த ஒரு மாதமும் வேலை முடிந்து வந்து இரவிரவாக அந்த அறையைச் செய்தார். கதவு நிலைகளின் கீழ்க்கட்டைகளை அரிந்து தரையை மட்டமாக்கினார். யன்னலோரம் மேசையைப் போட்டுக் கதிரை கீழே நுழையும் உயரத்துக்குக் கால் வைத்தார். சுவருக்கு இளம்பச்சை. சின்ன வயதில் சிவானுஜா எதைக் கீறினாலும் பச்சையில்தான் கீறுவாள், சூரியனும் பச்சை. முதுகு நொந்தபோது தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரைக்குப் பூச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். இருபத்தொரு வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் அவர் தன்பாட்டில் பாட்டு முணுமுணுத்ததைச் சிவமலர் கேட்டாள்.

ஆவணியில் நாள் வைத்தார்கள். ஒரு கிழமைக்கு முதல்தான் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

"எங்கட வீடோ? வாங்கினதோ? உண்மையோ அப்பா?"

"உண்மை பிள்ளை. உனக்கு ஒரு அறை இருக்கு."

"லிஃப்ட் இருக்கோ?"

"இருக்கு."

"என்ர கதிரை போகுமோ?"

"போகும். நான் அளந்தனான்."

அவ்வளவுதான். அப்பா அளந்தால் சரி. பிள்ளை அந்தப் பக்கம் விக்கி விக்கி அழுதது இங்கே கேட்டது. ஹைமில் விட்ட அன்றைக்கு அழாத அழுகை அது. பிறகு அவள் ஒவ்வொரு நாளும் எடுத்தாள். யன்னலால் என்ன தெரியும், ஆறு தெரியுமோ, இரவில் அம்மா பக்கத்து அறையிலோ படுப்பா, காலமை தேத்தண்ணி தானே கேட்டு வாங்கலாமோ. ஹைமில் தேத்தண்ணி ஏழரைக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏழரைக்கு.

குடிபூரல் ஞாயிற்றுக்கிழமை. பத்துப் பன்னிரண்டிலிருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் நல்ல நேரம். மேலே ஐயர், நிறைகுடம், அடுப்பில் பால்பானை, இருபத்தைந்து பேர். சிறீதரனையும் அழைத்திருந்தார்கள். இனி என்ன பயம், கையெழுத்துத்தான் வைத்தாயிற்றே! பிள்ளைதான் விளக்கோடு முதலில் உள்ளே வரவேண்டும் என்று சிவமலர் வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்றாள்.

பத்து மணிக்குக் கதிரை ஏற்றுகிற வண்டி வந்தது. சிவானுஜா பச்சைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஹைம் பெண்கள் கணினியில் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டார்களாம். மடியில் குத்துவிளக்கு. கூடத்துக்குள் தானே கதிரையை ஓட்டிக்கொண்டு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். அழைப்பு மணிகளின் வரிசையில் நாலாம் மாடிக்கு நேரே மூன்று பெயரும் பொறித்த தகடு இருந்தது. அதிலே தன் பெயரைத் தேடிப் பிடித்துத் தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

வரதராசா லிஃப்ட் கதவை இழுத்துப் பிடித்தார். கதிரை நேராக உள்ளே போனது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று சென்ரிமீற்றர், அவர் அளந்தபடியே. கால் வைக்கிற தட்டு பின்சுவரில் முட்டி நின்றது. அவர் கதவைச் சாத்தினார்.

கதவு சாத்துப்படவில்லை. எதிலோ தட்டியது. "கொஞ்சம் உள்ளுக்குப் போ பிள்ளை" என்றார். "முட்டீட்டுது அப்பா." கதிரையின் பின்பாகம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு சாண். அவளைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றிப் பார்த்தார்கள். இப்போது கால் வைக்கிற தட்டு வெளியே நின்றது, அதே ஒரு சாண். சிறீதரன் மேலேயிருந்து ஓடி இறங்கி வந்தான். கால்தட்டைக் கழற்றலாமா என்று பார்த்தான். நோயில் இறுகிப்போன அவளுடைய முழங்கால் மடங்காது. தட்டைக் கழற்றினாலும் கால் அங்கேயேதான் நீட்டிக்கொண்டு நிற்கும். கதவை முழுதாகச் சாத்தினால்தான் அந்த லிஃப்ட் அசையும்.

"அப்பா" என்றாள் சிவானுஜா. குரல் நிதானமாக இருந்தது. "உள் நீளம் எவ்வளவு?"

வரதராசா சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தார். புதுப் பட்டு வேட்டியோடு முழங்காலில் நின்று, வைகாசியில் அளக்க நீட்டிய அதே இடத்தில் நீட்டினார்.

"தொண்ணூற்றாறு."

"என்ர கதிரை நூற்றிப் பதினாறு" என்றாள். "ஹைமிலை எல்லாருக்கும் தெரியும்."

மேலேயிருந்து ஆரோ கத்தினார்கள்: "வரதண்ணை, ஐயர் நேரம் போகுது எண்டுறார்!"

அவர் ஒரு முடிவுக்கு வந்தார், அல்லது முடிவு ஒன்றும் இல்லாமல் குனிந்தார். "அப்பா, வேண்டாம், உங்கட முதுகு" என்று பிள்ளை சொல்லச் சொல்லத் தூக்கினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இல்லை அது. கம்பி வைத்த உடம்பு கைக்குள் மடங்கவில்லை. சிறீதரன் தலையையும் தோளையும் தாங்கினான். அறுபத்து நாலு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுடைய கால் சுவரில் இடிபடாமல் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு திருப்பத்தில் இடிபட்டுவிட்டது. பூ படியெல்லாம் உதிர்ந்தது. குத்துவிளக்கு கீழே கதிரையிலேயே கிடந்தது.

பால் பொங்கியது, நல்ல நேரத்துக்குள்தான் பொங்கியது. "கிழக்காலை வழிஞ்சிட்டுது, இனி இந்த வீட்டுக்கு ஒரு குறையும் வராது!" என்றார் ஒரு பெரியவர். விசயம் தெரியாத மனிதர், அவரை என்ன சொல்ல! சிவானுஜாவைச் சோபாவில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சரித்து வைத்திருந்தார்கள். வார்ப்பு இருக்கை இல்லாமல் அவளுடைய உடம்பு நிற்காது, ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது. வந்தவர்கள் பொங்கல் கிண்ணத்தோடு அவளைச் சுற்றி நின்று, பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விலகினார்கள். அரை மணித்தியாலத்தில் அவளுடைய உதடு வெளிறிவிட்டது.

"அப்பா, எனக்கு நோகுது. கீழை கொண்டு போங்கோ."

"ஒரு நிமிசம். உன்ர அறையைப் பார் பிள்ளை." தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்று காட்டினார். பச்சைச் சுவர், மேசை, யன்னலுக்கு வெளியே ஆறு.

"வடிவாயிருக்கு" என்றாள். பிறகு மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காமல்: "நீங்கள் ஊருக்கெல்லாம் ஒளிச்சது சரி அப்பா. எனக்கேன் ஒளிச்சனீங்கள்? ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்."

அவர் சிறீதரனைக் கூப்பிட்டு, அவளைப் படியடிக்குக் கொண்டு போனார்.

அடுத்த கிழமை விட்மர் அம்மா வந்தாள். கூடத்தில் நின்று ஒரே ஒரு இடத்தை அளந்தாள். கையெழுத்து வைக்க முதல் கூப்பிட்டிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரதராசாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லிஃப்ட் ஓடுகிற குழி கொங்கிரீட், அதைப் பெருப்பிக்க முடியாது. கதிரையைக் குறுக்கவும் முடியாது, கால் மடங்கினால்தானே! படியோரம் தண்டவாளம் போட்டுக் கதிரையை ஏற்றுகிற பொறி ஒன்று உண்டு, அதற்கு மற்றச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்றாள்.

ஒக்டோபரில் சொந்தக்காரர் கூட்டம் நடந்தது. வரதராசா நான்கு நாள் மனப்பாடம் செய்த ஜெர்மனில் எழுந்து நின்று கேட்டார். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். ஆனால் தண்டவாளம் போட்டால் படி ஒடுங்கிவிடும், தீப்பிடித்தால் ஓட வழி காணாது, விதி இடம் கொடாது என்று நிர்வாகி தாளைக் காட்டினார். கை உயர்த்தச் சொன்னார். கண்ணைத் துடைத்த கிழவியும் கையை மடியில்தான் வைத்திருந்தாள். வரதராசாவின் கை மட்டும் உயர்ந்து நின்றது. அதை எப்போது இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று கெல்லரிடம் போனார். இந்த வருடமே கூரை மாற்ற வேண்டிய கட்டடம், நாலாம் மாடி, இப்போது விற்றால் பாதியும் தேறாது, இரண்டு மூன்று வருடம் பொறுங்கள் என்றான். இரண்டு மூன்று வருடம்! தவணைக்கு ஒன்பது நாள் இருந்தது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இவர் ஆறு வருடமாக ஏறியது அத்தனையும் அந்த ஒரு சாணில் சறுக்கிப் போயிற்று.

அந்த இரவுகளில் சிவமலர் சுவாமித் தட்டுக்கு முன்னால் இருந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். "நான்தானே உங்களை இழுத்தனான்! நாலு நிமிசம்! நாலு நிமிசத்துக்காக என்ர பிள்ளையை வித்துப்போட்டனே!" வரதராசா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. நீதான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாடாவைச் சுருட்டியது அவருடைய கை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு. ஹைமில் மேசையில் விண்ணப்பத் தாள் இருந்தது. நிரந்தர விடுதி. வரதராசா பேனையைக் கையில் எடுத்தார்.

"பேனையைக் கீழை வையுங்கோ அப்பா" என்றாள் சிவானுஜா. "நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கினம். இன்னும் பதினொரு நாளிலை எனக்குப் பதினெட்டு. நானே வைப்பன்." அவர் பேனையை வைத்தார். அவள் சொன்னபடி பதினொராம் நாள் தானே கையெழுத்து வைத்தாள். பேனை பிடிக்க அவளுக்கு அரை நிமிடம் செல்லும். அந்தக் கையெழுத்து தாளின் பாதியைப் பிடித்திருந்தது.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். புது விடுதியில் வண்டிக்கு முறை வைத்து எடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் தந்திருந்தார்கள். வெளியே பனி கொட்டியது. வரதராசா கூடத்தில் காத்திருந்தார். தபால்பெட்டிகளுக்குக் கீழே மடிக்கிற மேசை ஒன்று போட்டு, துணி விரித்து, இரண்டு கதிரை வைத்திருந்தார். பொதுக் கூடத்தில் சாப்பிடக் கூடாது என்று நிர்வாகி இன்னும் எழுதவில்லை. எழுதுவார்.

சிவானுஜா உள்ளே வந்து கையுறையைப் பல்லால் கழற்றினாள். மேசையைப் பார்த்தாள். இரண்டாம் மாடிக்காரன் நாய்க்குட்டியோடும் சாமான் வண்டிலோடும் வந்து வணக்கம் சொல்லி, லிஃப்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அது போய்ச் சேரும் வரைக்கும் தகப்பனும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்கை?"

"மேலை. உனக்குத் தோசை சுடுறா. சூடாக் கொண்டு வாறதெண்டு நிக்கிறா."

அவள் கதிரையை மணிகளின் பக்கம் ஓட்டினாள். கையை மெல்ல மெல்ல உயர்த்தி, மூன்று பெயர்த் தகட்டுக்கு நேரே உள்ள பொத்தானை அமத்தினாள். நாலாம் மாடிக் குசினிக்குப் பக்கத்தில் மணி அடித்திருக்கும். சிவமலர் கரண்டியோடு ஓடி வந்து எடுத்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது.

"ஆர்?"

"நான்தான் அம்மா."

"வந்திட்டியோ என்ர குஞ்சு!" அந்தப் பெட்டிக்குள்ளிருந்து சிவமலரின் குரல் கூடமெல்லாம் கேட்டது. வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகிய வாய், சந்தோசத்தில் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "ஏன் குளிருக்கை நிக்கிறாய்? மேலை வா."

மேலே தோசை கருகுகிற சீறல் மட்டும் அந்தப் பெட்டிக்குள்ளால் மெல்லக் கேட்டது.

"இல்லை அம்மா" என்றாள் சிவானுஜா. "நீங்கள் கீழை வாங்கோ."